ஆச்சி கொடுத்த கடலை மிட்டாயும் குறைந்துபோன கீட்டோனும்: குளூட்-1 குறைபாடுள்ள குழந்தையின் வீட்டில் யாரிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: கரிசல்மண்

வணக்கம். கோவில்பட்டியில் கூட்டுக் குடும்பமாக வாழ்கிறோம். எங்கள் மகளுக்கு ஐந்து வயது முடிந்திருக்கிறது. எட்டாம் மாதத்தில் அவளுக்கு முதல் வலிப்பு வந்தது. அதன்பிறகு மூன்று ஆண்டுகள் மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்தும் வலிப்பு முழுமையாக நிற்கவில்லை. காலையில் எழுந்ததும் தள்ளாடுவாள், பேச்சுக் குழறும். ஏதாவது சாப்பிட்டால் அரை மணி நேரத்தில் தெளிந்துவிடுவாள். 'பசி தாங்காத பிள்ளை' என்று சொல்லி வீட்டில் அனைவரும் அதை அத்துடன் விட்டுவிட்டோம். நான்கு வயதில்தான் ஒரு மருத்துவர் அந்தப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டு, அவளைச் சில மணி நேரம் வெறும் வயிற்றில் வைத்து முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்தார். இரத்தத்தில் சர்க்கரை 86 இருந்த வேளையில் அந்த நீரில் 31 மட்டுமே இருந்தது. மரபணுச் சோதனையும் அதை உறுதிப்படுத்தியது. இரத்தத்திலுள்ள சர்க்கரை மூளைக்குள் போதிய அளவு போகாத நோய்; குளூட்-1 குறைபாடு என்ற அதன் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம்.

கடந்த ஏழு மாதங்களாகக் கீட்டோஜெனிக் உணவுமுறையில் இருக்கிறாள்; மாவுச்சத்தை மிகக் குறைத்துக் கொழுப்பையே பெரும்பாலும் கொடுத்து, சர்க்கரைக்குப் பதிலாகக் கீட்டோன் என்ற எரிபொருளை மூளைக்குக் கிடைக்கச் செய்யும் முறை இது. நான்குக்கு ஒன்று என்ற விகிதம், அதாவது நான்கு கிராம் கொழுப்புக்குப் புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து ஒரு கிராம்; நாளுக்கு 1200 கலோரி, அதில் மாவுச்சத்து 12 கிராம் மட்டுமே. ஒவ்வொரு வேளைக்கும் முட்டையையும் வெண்ணெயையும் தேங்காய் எண்ணெயையும் கிராம் கணக்கில் நிறுத்துக் கொடுக்கிறோம். முதல் மாதத்திலேயே வலிப்பு நின்றது. ஒரு நாள் காலை யாருடைய கையையும் பிடிக்காமல் மாடியிலிருந்து படியிறங்கி வந்தாள்; அதைப் பார்த்து என் கணவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூன்று வாரங்களுக்கு முன்பு கணக்குத் தவறத் தொடங்கியது. வழக்கமாக 4-ஐ ஒட்டி நிற்கும் கீட்டோன் அளவு ஒரு நாள் 2.6, மறுநாள் 3.8, அடுத்த நாள் 1.9 என்று ஏறி இறங்கியது. மீட்டர் பழுதாகிவிட்டது என்று எண்ணிப் புதிதாக ஒன்று வாங்கினோம். டயட்டீஷியன் கலோரிக் கணக்கைத் திருத்தினார். சென்ற செவ்வாய்க்கிழமை காலை கீட்டோன் 1.2 இருந்தது, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்து இரண்டு நிமிடம் நீடித்தது. லெவெட்டிரசெட்டம் என்ற வலிப்பு மாத்திரையின் அளவைக் கூட்டலாமா என்று யோசித்த மருத்துவர், ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றார். அன்று மாலை தலையணை உறையைக் கழற்றியபோது அதற்குள்ளிருந்து ஒன்பது கடலை மிட்டாய்த் தாள்கள் விழுந்தன. கேட்டதற்கு, "ஆச்சிதான் குடுத்தாங்க, அம்மாகிட்டச் சொல்லக் கூடாதுன்னாங்க" என்றாள்.

எங்கள் ஊரில் கடலை மிட்டாய் இல்லாத வீடு கிடையாது என்பதை இங்குள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதில் ஏறத்தாழப் பாதி எடை வெல்லப்பாகு. இரண்டு துண்டு தின்றால் அவளுடைய ஒரு நாள் மாவுச்சத்து முழுவதும் முடிந்துவிடும்.

என் மாமியார் எனக்கு அயலவர் அல்லர். என் அப்பாவின் அக்கா, என்னை இடுப்பில் சுமந்து வளர்த்த அத்தை. நானும் என் கணவரும் வேலைக்குப் போகிறோம். காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் அவரே. "தெருவில் உள்ள பிள்ளைகள் எல்லாம் தின்னும்போது, என் பேத்தி மட்டும் எண்ணெயைக் குடித்துவிட்டு வாய் பார்த்து நிற்பதா?" என்று அன்றிரவு அழுதார். 'சொந்தத்தில் கட்டிக் கொடுத்ததால் வந்த வினை' என்று உறவினர் சிலர் பேசியதும் அவர் காதில் விழுந்திருக்கிறது. எங்கள் திருமணத்தைப் பேசி முடித்தவரே அவர்தான். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

அவரிடம் இதை எப்படிச் சொல்வது? ஒளித்துத் தின்னக் கற்றுக்கொண்ட ஐந்து வயதுக் குழந்தையிடம் எப்படிப் பேசுவது? ஜூன் மாதம் பள்ளிக்கும் அனுப்ப வேண்டும். வீட்டிலேயே காப்பாற்ற முடியாத கட்டுப்பாட்டை வகுப்பறையில் எப்படிக் காப்பாற்றுவது? இதே உணவுமுறையில் பிள்ளை வளர்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

பதில் 1: வைகைக்கரை

சுருக்கமாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தனிக்குடித்தனம் போய்விடுங்கள். குழந்தையின் உயிரோடு விளையாடும் இடத்தில் மரியாதை பார்க்கக் கூடாது.

பதில் 2: தராசுக்காரர்

சகோதரி, கோவையிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு இப்போது பதின்மூன்று வயது. அவனுக்கும் இதே குறைபாடுதான். மூன்று வயதில் கண்டுபிடித்தார்கள், பத்து ஆண்டுகளாக உணவுமுறையில் இருக்கிறான். தனிக்குடித்தனம் என்ற யோசனையை நாங்களும் ஒரு காலத்தில் பேசியிருக்கிறோம் என்பதால் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் அத்தையின் இடத்தில் சம்பளத்துக்கு ஒருவரை வைத்தால், அவரும் ஒரு நாள் இரக்கப்பட்டு ஒரு பிஸ்கட்டை நீட்டத்தான் செய்வார், அதைப் பற்றிக் கேட்டால் இல்லை என்பார்.

நீங்கள் எழுதியதில் என்னைத் திடுக்கிட வைத்தது மிட்டாயைவிட அந்த மூன்று வாரங்கள்தான். அந்த மூன்று வாரமும் உங்கள் மருத்துவரும் டயட்டீஷியனும், 12 கிராமுக்கு மேல் ஒரு துளியும் உண்ணாத ஒரு குழந்தைக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு குழந்தை உங்கள் வீட்டில் இல்லை. இன்னும் ஒரு வாரம் அந்தத் தாள்கள் கிடைக்காமல் போயிருந்தால், தேவையற்ற மாத்திரை அவள் உடலுக்குள் போயிருக்கும். எனவே இனிமேல் மிட்டாயே கொடுக்க மாட்டோம் என்று வீட்டில் சத்தியம் வாங்குவதற்கு முன்னால், கொடுத்தால் சொல்லிவிடலாம் என்ற நிலைமையை உண்டாக்குங்கள். சத்தியம் ஒரு மாதத்தில் உடைந்துவிடும். உடைந்த பிறகு அதை மறைக்கவும் செய்வார்கள்.

எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. அதற்குத் தப்பு நோட்டு என்று பெயர். என்ன தின்றான், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று மட்டும் அதில் எழுத வேண்டும். யார் கொடுத்தது என்று எழுதக் கூடாது. நோட்டில் எழுதப்பட்டதைப் பற்றி அன்றைக்கு யாரும் யாரையும் ஒரு சொல் கேட்கக் கூடாது. இந்த விதியைப் போட்டவன் நான். முதல் தப்பும் என்னுடையதே. இருமலுக்கு ஒரு சிரப்பை லேபிள் படிக்காமல் இரண்டு நாள் ஊற்றியிருந்தேன், அது முழுக்கச் சர்க்கரைப் பாகு. அதை நானே எழுதிய பிறகுதான் என் தாயார் வாய் திறந்து, முந்தின வாரம் கோயிலில் பஞ்சாமிர்தம் கொடுத்ததைச் சொன்னார்.

பெரியவர்களுக்கு நோயைப் புரியவைப்பதற்கு, 'மரபணு', 'கடத்திப் புரதம்' என்றெல்லாம் பேசிப் பயனில்லை. என் தாயார் வாய்க்கால் பாசனம் பார்த்து வளர்ந்தவர். அவரிடம் இப்படிச் சொன்னேன்: குளம் நிறையத் தண்ணீர் இருக்கிறது, ஆனால் மடை பாதி தூர்ந்து கிடக்கிறது; குளத்தில் இன்னும் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் வயலுக்குப் போவது அவ்வளவுதான். இவன் இரத்தத்தில் சர்க்கரை நிறைய இருக்கிறது, மூளைக்குப் போகும் மடைதான் தூர்ந்திருக்கிறது. கொழுப்பை மட்டுமே கொடுத்து வந்தால் கல்லீரல் அதிலிருந்து கீட்டோன் என்ற வேறொரு எரிபொருளைச் செய்யும். அது வேறொரு மடை வழியாக மூளைக்குள் போகும். இனிப்பு உள்ளே போனதும் உடம்பு இன்சுலினைச் சுரந்து, கல்லீரல் கீட்டோன் செய்வதைத் தடுத்துவிடுகிறது. அதாவது அந்த மிட்டாய் பழைய மடையைத் திறக்காது, புது மடையையும் அடைத்துவிடும். என் தாயார் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியென்றால் நான் பாசத்தில் கொடுத்தது பிள்ளையின் மூளைக்குப் பட்டினி போட்டதா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன்.

அதன்பிறகு நாங்கள் செய்த ஒரு காரியத்தைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். தராசை அவர் கையில் கொடுத்துவிட்டோம். பாட்டிமார்களுக்குப் பாசம் காட்டத் தெரிந்த வழி சோறு ஊட்டுவது. அதைத் தடுத்துவிட்டு வெறுங்கையோடு உட்கார வைத்தால், அந்தக் கை எப்படியும் மிட்டாய் ஜாடியைத் தேடித்தான் போகும். டயட்டீஷியன் கணக்குப் போட்டுக் கொடுத்த பதார்த்தங்களை அவரே செய்யத் தொடங்கினார். கெட்டித் தேங்காய்ப்பாலில் வெண்ணெய் கலந்து, ஏலக்காய் தட்டிப் போட்டு, அனுமதிக்கப்பட்ட இனிப்புச் சொட்டு மருந்தை இரண்டு துளி விட்டு, சிறு அச்சுகளில் ஊற்றி உறைய வைப்பார். என் மகன் அதற்கு இன்றைக்கும் சண்டை போடுகிறான். இனிப்பூட்டி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பொடியாக வரும் பல பொட்டலங்களில் எடை கூட்டுவதற்காக டெக்ஸ்ட்ரோஸ் அல்லது மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்த்திருப்பார்கள், இரண்டும் மாவுச்சத்துதான்.

பள்ளி பற்றிக் கேட்டீர்கள். வகுப்பில் மாதத்துக்கு நான்கு பிறந்தநாள் வரும், நான்கு சாக்லேட் வரும். அவன் சாக்லேட்டை வாங்கி ஆசிரியையிடம் கொடுத்தால், அவர் மேசையில் நாங்கள் முன்கூட்டியே கொடுத்து வைத்திருக்கும் டப்பாவிலிருந்து ஒரு ஸ்டிக்கரோ பென்சிலோ எடுத்துக்கொள்ளலாம். இரண்டு ஆண்டு இது நடந்தது, பிறகு தேவைப்படவில்லை. மற்றப் பிள்ளைகளிடம் 'இது எனக்கு மருந்துச் சாப்பாடு' என்று அவனே சொல்லக் கற்றுக்கொண்டான். 'சாப்பிடக் கூடாது' என்ற சொல்லைக் கூடியவரை நாங்கள் வீட்டில் புழங்கவில்லை.

காபியைச் சொல்ல மறந்துவிட்டேன். நம் வீடுகளில் பெரியவர்கள் குடிக்கும்போது பிள்ளைக்கு டபராவில் ஒரு வாய் ஊற்றும் வழக்கம் இருக்கிறது. சர்க்கரை போடாவிட்டாலும் வேண்டாம். காபியிலும் தேநீரிலும் உள்ள காஃபீன், பாதி தூர்ந்த அந்த மடையை இன்னும் தடுக்கக்கூடியது என்று எங்கள் மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

பதில் 3: செண்பகம்

குறுக்கே ஒரு கேள்வி கேட்பதற்கு மன்னிக்கவும். என் தங்கை மகனுக்கும் வலிப்பு இருக்கிறது. இரண்டு மருந்துகளுக்கும் கட்டுப்படவில்லை. மேலே எழுதியிருப்பதைப் படித்தால் இந்த உணவுமுறையை நாங்களும் வீட்டில் தொடங்கலாமா என்று தோன்றுகிறது. இவ்வளவு எண்ணெயும் வெண்ணெயும் முட்டையும் ஒரு சிறு குழந்தையின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்ற பயமும் இருக்கிறது.

பதில் 4: அளவுக்கரண்டி

நான் சென்னையில் குழந்தைகள் நரம்பியல் பிரிவொன்றில் பல ஆண்டுகளாக டயட்டீஷியனாகப் பணிபுரிகிறேன். முதலில் செண்பகம் அவர்களுக்கு: தயவுசெய்து வீட்டில் நீங்களாகத் தொடங்காதீர்கள். கொழுப்பை எரிக்க முடியாத சில பிறவி வளர்சிதைமாற்றக் குறைபாடுகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட குழந்தைக்கு இந்த உணவைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாக முடியும்; கார்னிட்டைன் கடத்தலில் குறையுள்ளவர்களுக்கும் பைருவேட் கார்பாக்சிலேஸ் குறைபாடுள்ளவர்களுக்கும் இது ஆகாது. அவை இல்லை என்று இரத்தத்திலும் சிறுநீரிலும் சோதித்த பிறகுதான் நாங்கள் தொடங்குகிறோம். அதேசமயம் இது நேற்று வந்த கைவைத்தியமும் அல்ல. 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர் வலிப்பு நோய்க்காக முன்மொழிந்தது. 1938-இல் ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்தின் பயன் தெரியவந்து, மருந்துகள் பெருகிய பிறகு, தராசு பிடிக்க யாருக்கும் பொறுமை இல்லாமல் போய்ப் பல பத்தாண்டுகள் ஓரங்கட்டப்பட்டுக் கிடந்தது. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புள்ள 145 குழந்தைகளை இரு குழுக்களாகப் பிரித்துப் பார்த்தார்கள். மூன்று மாத முடிவில், உணவுமுறையில் இருந்தவர்களில் 38 விழுக்காட்டினருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. வழக்கமான சிகிச்சையை மட்டும் தொடர்ந்தவர்களில் அது 6 விழுக்காடு. ஆகவே உங்கள் தங்கை மகனின் மருத்துவரிடம் தாராளமாகக் கேளுங்கள். மலச்சிக்கல், சிறுநீரகக் கல், கொலஸ்ட்ரால் உயர்வு, வளர்ச்சி சற்று மட்டுப்படுதல் ஆகியவை வரக்கூடியவை. அதற்காகத்தான் சில மாதங்களுக்கு ஒருமுறை சோதனைகள் செய்து, கால்சியமும் வைட்டமின்களும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

கரிசல்மண் அவர்களின் மகளுக்கோ இது பல வழிகளில் ஒன்று என்ற கணக்கில் வருவதில்லை. 1991-இல் டேரில் டி விவோவும் அவருடைய சக மருத்துவர்களும் இந்தக் குறைபாட்டை முதன்முதலில் விவரித்த காலத்திலிருந்தே கீட்டோன்தான் இதற்கான அடிப்படைச் சிகிச்சை. மாத்திரைகள் வலிப்பைச் சற்று அடக்கலாம். வளரும் மூளைக்குத் தேவையான எரிபொருளை அவற்றால் கொடுக்க முடியாது.

இனி, உறவில் திருமணம் செய்ததால் வந்ததா என்பது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எங்கள் பிரிவுக்கு வரும் தாய்மார்களில் பலர் இந்தப் பழியைச் சுமந்துகொண்டுதான் உள்ளே வருகிறார்கள். நெருங்கிய உறவில் மணம் முடித்தால் சில வளர்சிதைமாற்ற நோய்கள் வரும் வாய்ப்புக் கூடுவது உண்மையே. தாயும் தந்தையும் ஒரே பழுதை ஆளுக்கு ஒரு பிரதியாகச் சுமந்து, இரண்டும் குழந்தையிடம் சேரும்போது வரும் நோய்கள் அவை. குளூட்-1 குறைபாடு பெரும்பாலும் அந்த வகையைச் சேர்ந்ததன்று. இதில் ஒரு பிரதி பழுதானாலே போதும். பெரும்பாலான குழந்தைகளில் அந்தப் பழுது பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் புதிதாகத் தோன்றியிருக்கும். மிக அரிதாக மற்ற வகையிலும் வரலாம் என்பதால், உங்கள் மரபணு அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும், பெற்றோரின் சோதனை செய்யப்பட்டதா என்பதையும் பாருங்கள். செய்யாவிட்டால் அடுத்த குழந்தையைப் பற்றி யோசிப்பதற்கு முன் செய்துகொள்ளுங்கள். பெற்றோரிடம் அந்த மாற்றம் இல்லையென்று வந்திருந்தால், அந்தத் தாளை உங்கள் மாமியாருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கையில் இரும்புச் சாவியைத் திணிக்க வருபவரை அன்போடு தள்ளி உட்கார வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவர் எழுதிக் கொடுத்த மூக்குத் தெளிப்பு மருந்தைக் கொடுத்து 108-ஐ அழையுங்கள். ஆச்சிக்கும் இதைச் சொல்லிக்கொடுத்து ஒருமுறை பொம்மையை வைத்துச் செய்து காட்டச் சொல்லுங்கள். பகலில் தனியாக இருப்பவர் அவர்.

காய்ச்சலும் வாந்தியும் வரும் நாள்தான் இந்த உணவுமுறையின் கடினமான நாள். நீர்ச்சத்துக்காகக் கடைகளில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடியில், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. உங்கள் மகளின் ஒரு நாள் அளவைவிட அது அதிகம். அதனால் வயிற்றுப்போக்கின்போது எதை, எவ்வளவு கொடுப்பது என்பதை இப்போதே உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அன்றைக்குத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். நள்ளிரவில் வேறொரு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், அங்கே பணியிலிருக்கும் இளம் மருத்துவர் வழக்கப்படி டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலைத்தான் எடுப்பார். நோயின் பெயர், உணவு விகிதம், இரத்தச் சர்க்கரை குறைந்திருந்தால் தவிர சர்க்கரை கலக்காத சலைன் போதும் என்ற குறிப்பு, தவிர்க்க விரும்பும் மருந்துகள் ஆகியவை அடங்கிய ஒரு பக்கக் கடிதத்தை உங்கள் மருத்துவரின் கையெழுத்தோடு பையில் வைத்திருங்கள். ஃபீனோபார்பிட்டால், வால்ப்ரோயேட் போன்ற சில வலிப்பு மருந்துகளை இந்தக் குறைபாட்டில் கூடியவரை தவிர்க்கப் பார்ப்போம். ஆனால் அவசர நேரத்தில் எதைக் கொடுப்பது என்பது அங்கிருக்கும் மருத்துவரின் முடிவு. கொடுத்துக்கொண்டிருக்கும் எந்த மருந்தையும் இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கீட்டோன் குறைவதைப் போலவே கூடுவதும் உண்டு. முகம் சிவந்து, மூச்சு வேகமாகி, சோர்ந்து வாந்தி எடுத்தால் சர்க்கரையையும் கீட்டோனையும் உடனே பாருங்கள். அந்த வேளையில் ஒரு சிறு அளவு பழச்சாறு கொடுக்கச் சொல்லி உங்கள் குழுவினர் அறிவுறுத்தியிருப்பார்கள். இனிப்பே மருந்தாகும் நேரமும் இந்த வீட்டில் உண்டு என்பது ஆச்சிக்குத் தெரிந்தால், இனிப்பின் மீதுள்ள வழக்கு சற்றுத் தணியும் என்று நினைக்கிறேன்.

பதில் 5: பொதிகைத்தென்றல்

மகளே, நான் பாளையங்கோட்டையில் வசிக்கிறேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் வீட்டில் அந்த மிட்டாயைக் கொடுத்தவள் நான்.

என் பேரனுக்கு வேறு நோய்; புரதத்தை நிறுத்துக் கொடுக்க வேண்டிய குறைபாடு, அதோடு வலிப்பும் உண்டு. பருப்பும் பாலும் தயிரும் அவனுக்கு நஞ்சு போன்றவை. நான் அவனுக்குத் தயிர்ச்சாதம் ஊட்டினேன். ஒரு முறையல்ல. படித்தவள், நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள், மருத்துவர் சொன்னதைக் கூடவே அமர்ந்து கேட்டவள். அப்படியிருந்தும் ஏன் ஊட்டினேன் என்பதைச் சொன்னால் உங்கள் அத்தையைப் புரிந்துகொள்ள உதவலாம்.

நான் நோயை நம்பாமல் ஊட்டவில்லை. நம்பியதால்தான் ஊட்டினேன். இந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் இப்படித்தான் என்பதை மனம் ஏற்றுக்கொண்ட அன்று, அதற்கு நானும் ஒரு காரணமோ என்ற எண்ணம் உள்ளே புகுந்துகொண்டது. எங்கள் குடும்பத்திலும் உறவுத் திருமணந்தான். எதையாவது ஈடு செய்ய வேண்டும் என்ற தவிப்பில் இருப்பவளுக்கு, பிள்ளை வாய் நிறையத் தின்னும் அந்த இரண்டு நிமிடம் பெரிய ஆறுதல். உங்கள் அத்தையே பேசி முடித்த கல்யாணம் என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்ததும் எனக்கு மற்றவை எல்லாம் விளங்கிவிட்டன. அவர் மடியில் ஒரு குற்றச்சாட்டு ஏற்கெனவே கிடக்கிறது. அதன்மேல் நீங்கள் மிட்டாய்த் தாள்களையும் கொண்டுபோய் வைத்தால், அவரால் அழத்தான் முடியும், மாற முடியாது.

டயட்டீஷியன் அம்மையார் சொன்னபடி அந்த அறிக்கையை முதலில் படித்துக் காட்டுங்கள். மிட்டாய்ப் பேச்சை அன்றைக்கு எடுக்காதீர்கள், மறுநாள் எடுங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள்; உங்கள் வாயால் கேட்டால் அது மருமகளின் கண்டிப்பு, வெள்ளை அங்கி போட்டவர் சொன்னால் அது மருத்துவம். இது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் என் விஷயத்தில் அப்படித்தான் இருந்தது.

குழந்தையைப் பற்றி ஒன்று. 'அம்மாகிட்டச் சொல்லாதே' என்று பெரியவர் ஒருவர் சொல்லி, அதைப் பிள்ளை காத்தது என்றால், அவள் திருடவில்லை, சொல்லுக்குக் கட்டுப்பட்டிருக்கிறாள். அதற்கு அவளைத் தண்டிக்கக் கூடாது. அந்தக் கட்டை அவிழ்க்க வேண்டியவரும் உங்கள் அத்தைதான். உங்கள் முன்னிலையில் அவரே, 'ஆச்சி அப்படிச் சொன்னது தப்பு, இனி நீ எதைத் தின்றாலும் அம்மாவிடம் சொல்லலாம், ஆச்சி கொடுத்தாலும் சொல்லலாம்' என்று பிள்ளையிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னேன். ஏழு வயதுப் பேரனிடம் மன்னிப்புக் கேட்பது கூச்சமாகத்தான் இருந்தது. அவன் அதைக் கேட்டுவிட்டு, 'அப்போ தயிர்ச்சாதம் இனிமே கிடையாதா?' என்றான்.

கரிசல்மண்

அனைவருக்கும் நன்றி. வைகைக்கரை அவர்களே, கோபமில்லை. செவ்வாய்க்கிழமை இரவு எனக்கும் அதே எண்ணம்தான் இருந்தது.

மரபணு அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், பெற்றோர் இருவரிடமும் இந்த மாற்றம் காணப்படவில்லை என்று எழுதியிருந்தது. எங்கள் மருத்துவர் அதை ஓராண்டுக்கு முன்பே எங்களிடம் சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில் வலிப்பு நிற்குமா என்பதைத் தவிர வேறு எதுவும் எங்கள் காதில் ஏறவில்லை. வீட்டில் யாருக்கும் அதைச் சொல்லவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தைக்கு அதைத் தமிழில் படித்துச் சொன்னேன். மூன்று முறை படிக்கச் சொன்னார். பிறகு, "இதை ஏன் ஒரு வருஷமா எங்கிட்டச் சொல்லலை?" என்று கேட்டார். என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

மிட்டாய்ப் பேச்சை மறுநாள் நான் எடுப்பதற்கு முன் அவரே எடுத்தார். கண்மாய், மடை என்று தராசுக்காரர் அண்ணன் சொன்ன விளக்கத்தைச் சொன்னேன், சட்டென்று பிடித்துக்கொண்டார். பாப்பாவிடம் அவர் பேசியதை நான் அடுப்படியிலிருந்து கேட்டேன். அவள் உடனே எழுந்துபோய்ப் பொம்மைப் பையிலிருந்து இன்னும் இரண்டு மிட்டாயை எடுத்து வந்து கொடுத்தாள், அவை தின்னாதவை. வியாழக்கிழமை மூவரும் மருத்துவமனைக்குப் போகிறோம். மருந்து அளவைக் கூட்டும் முடிவை மருத்துவர் நிறுத்தி வைத்திருக்கிறார். கீட்டோன் இன்று காலை 3.4.

தராசு நேற்றிலிருந்து அத்தையின் பக்கம் போய்விட்டது. வெண்ணெயை அரை கிராம் கூடாமல் வழித்து எடுப்பதில் என்னைவிடக் கறாராக இருக்கிறார். நான் வைத்த கிண்ணத்தை இரண்டு முறை திரும்ப நிறுத்துப் பார்த்துவிட்டார். தப்பு நோட்டும் வாங்கி வைத்தோம். முதல் பக்கத்தை அத்தையே எழுதினார். தலையணை உறைக்குள் நான் எண்ணியது ஒன்பது தாள். அவர் எழுதியிருப்பது பதினான்கு கடலை மிட்டாய், அரை வாழைப்பழம், இரண்டு நாள் மாலையில் ஒரு வாய் காபி. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து மருத்துவருக்கு அனுப்பியிருக்கிறேன்.